பொன் சேவல் கப்பலின் காலைக் கஞ்சி

ஏழாம் மாதம், மூன்றாம் நாள். திருத்தம்: நேற்றுக் காலை உணவுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் 318 பேர். காலியான கஞ்சிக் கிண்ணங்கள் 327 என்று எழுதியிருக்கிறேன். ஒன்பது கிண்ணம் கூடுதலாக எண்ணிவிட்டேன். தவறு என்னுடையது. இனி இரண்டு முறை எண்ணுவேன். இப்படிக்கு, ஜியான் யுன்-ஷி, தரப் பதிவாளர் (தற்காலிகம்).

மை காய்ந்ததும் யுன்-ஷி அதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். பணிவாகத்தான் இருந்தது. பதிவேட்டை மூடிவிட்டு அன்றைய கிண்ணங்களை இரண்டு முறை எண்ணினாள். உட்கார்ந்தவர்கள் 318. காலிக் கிண்ணங்கள் முதல் முறை 331, இரண்டாம் முறையும் 331.

கீலுங் துறைமுகத்தில் கிளம்பி, ஒகினாவா பக்கத்துத் தீவுகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நான்காம் நாள் திரும்பும் உல்லாசக் கப்பல் அது. பெயர் பொன் சேவல். சந்திரக் கணக்கில் வருகிற ஏழாம் மாதத்தில் தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடச் சொல்லி வைத்திருப்பார்கள். அதனால் அந்த மாதம் மட்டும் டிக்கெட் பாதி விலை. வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பயத்தைவிடச் சிக்கனம் பெரிது என்று முடிவெடுக்கிற வயதை எட்டியவர்கள்.

கப்பலின் காலை உணவுத் தரத் துறையில் பதினொரு பேர் வேலை பார்த்தார்கள். காலை உணவுச் சமையலறையில் ஒருவர், பாங் மாஸ்டர். முப்பது வருஷமாகக் கஞ்சி காய்ச்சியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கஞ்சி ஆலையிலிருந்து பைகளில் வர ஆரம்பித்த பிறகு, அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்திருந்தார்கள். பையை வெட்டுவது, ஊற்றுவது, அறுபத்திரண்டு டிகிரிக்குச் சூடாக்குவது. அவ்வளவுதான் வேலை.

யுன்-ஷியின் வேலை அந்தக் கஞ்சியை அளப்பது. நிறத்துக்கு ஓர் அட்டை இருந்தது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழ நான்கு வினாடி ஆக வேண்டும். வெப்பமானி இருந்தது. வெப்பமானி சரியா என்று பார்க்க இன்னொரு வெப்பமானியும் இருந்தது. படிவத்தில் சுவைக்கு மட்டும் கட்டம் கிடையாது. முன்பு இருந்ததாம். கருத்து வேறுபாடுகளுக்கு இடம் தருகிறது என்று எடுத்துவிட்டார்கள்.

பயணிகளுக்கு வேறொரு படிவம். பத்துக்கு எத்தனை என்று அவர்கள் போட வேண்டும். வழக்கமாக மூன்று போடுவார்கள். நல்ல மனசுக்காரர்கள் நான்கு. அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. நிரப்பப்படாத படிவம் முழுத் திருப்தியாகக் கருதப்பட்டுப் பத்து மதிப்பெண் வழங்கப்படும்.

கிண்ணக் கணக்கு இடித்த செய்தி துறைத் தலைவர் மெங்குக்குப் போனது. அவர் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு படிவம் இருந்ததால் இருக்கலாம். யுன்-ஷியை 'எண்ணும் திறன் மேம்பாட்டுப் பயிற்சி'க்கு அனுப்பினார். வாழ்க்கையில் ஒரு கிண்ணத்தைக்கூடத் தூக்காத அதிகாரி ஒருவர் மூன்று மணி நேரம் அவளுக்குக் கிண்ணம் எண்ணக் கற்றுக்கொடுத்தார். கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். மறுநாள் அவள் சான்றிதழோடு எண்ணினாள். 342.

பரிமாறும் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்த ஆ-கின் அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மேசை துடைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தாள்.

"எண்ணி எண்ணி விரல் தேஞ்சிரப் போகுதுடி. உன் கணக்கு சரியாத்தான் இருக்கு."

"எப்படிக்கா சரி? உக்காந்தவங்க முன்னூத்திப் பதினெட்டுதானே?"

"உனக்குத் தெரிஞ்சவங்க முன்னூத்திப் பதினெட்டு." ஆ-கின் துணியைப் பிழிந்தாள். "புகைபோக்கி உச்சியில என்ன தொங்குதுன்னு பாத்தியா?"

யுன்-ஷி பார்த்திருந்தாள். விளம்பரப் பிரிவு பண்டிகை அலங்காரம் என்று நாற்பது சிவப்பு விளக்குகளை அங்கே தொங்கவிட்டிருந்தது. துறைமுகத்திலேயே அதற்கு மேல் உயரமான இடம் கிடையாது.

"எங்கப்பா விளக்கு மூங்கிலை நடுறப்போ மொதல்ல அரிசிப் பானையத் திறந்து பாப்பாரு. எவ்வளவு அரிசி இருக்கோ அவ்வளவுதான் உயரம். விளக்கு எம்புட்டுத் தூரம் தெரியுதோ அம்புட்டுத் தூரத்துல இருக்கிற நல்ல அண்ணன்மாருக்கெல்லாம் அழைப்புன்னு அர்த்தம். ஒசரமா நட்டுட்டுப் பானை காலியா இருந்தா மானம் போயிரும். இவனுங்க என்னடான்னா மொத்தக் கடலுக்கும் பத்திரிகை வெச்சிட்டு, பைக் கஞ்சி ஊத்துறானுங்க."

ஏழாம் மாதத்தில் கீழுலகத்தின் கதவு திறந்து வெளியே வருகிறவர்களை அந்த ஊரில் நல்ல அண்ணன்மார் என்றுதான் சொல்வார்கள். வேறு பெயரை அந்த மாதத்தில் யாரும் வாயில் எடுப்பதில்லை. இந்தக் கதையிலும் எடுக்கவில்லை.

"அது போதாதுன்னு தினமும் காலையில மைக்குல வேற," என்றாள் ஆ-கின்.

அவள் சொன்னது உண்மைதான். விடிந்ததும் கப்பல் முழுக்க ஒரு பெண் குரல் இனிமையாக ஒலிக்கும். 'பசியோடு இருக்கும் அனைவரும் வருக. யாருக்கும் தடையில்லை. அளவு கிடையாது. வயிறு நிறையும்வரை உண்க.' சொன்ன குரல் பதிவு செய்யப்பட்டது. அதனால் அது எதற்கும் பொறுப்பாகாது.

யுன்-ஷி இதைப் பதிவேட்டில் எழுதலாமா என்று யோசித்தாள். எழுதவில்லை. தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று பட்டது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான் படும்.

பத்தாம் நாள் காலையில் அந்தச் சந்தேகம் போனது. இருபத்து மூன்றாம் மேசையில் யாரும் உட்காரவில்லை. ஆனால் நாற்காலி ஈரமாக இருந்தது. மேசைமேல் ஒரு கிண்ணம், கழுவித் துடைத்ததுபோல் காய்ந்து கிடந்தது. பக்கத்துத் தட்டில் பாதி உப்பு முட்டை, ஓட்டோடு குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். உள்ளே சுத்தமாகச் சுரண்டித் தின்றிருந்தது.

உலகத்தில் அப்படி ஒரே ஓர் ஆள்தான் செய்வான். அவளுடைய அண்ணன் யுன்-செங். சின்ன வயதில் தன் பங்கைத் தின்றுவிட்டு, ஓட்டைக் கவிழ்த்து, "உனக்காக ஒரு முட்டை வெச்சிருக்கேன் பாரு" என்று அவளைக் கூப்பிடுவான். அவளும் ஒவ்வொரு முறையும் ஏமாந்து போவாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கணவாய் மீன் பிடிக்கிற படகில் போனான். படகு திரும்பவில்லை. ஏழு பேர். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. எதையும் புதைக்காததால் அம்மா துக்கத்தையும் முடிக்கவில்லை.

யுன்-ஷி அந்த ஓட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாங் மாஸ்டர் பைகளை வெட்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கத்தரிக்கோலை நிறுத்தாமல் கேட்டார்.

"மாஸ்டர், படையல் வெச்சா அவங்க வாசத்தையும் ருசியையும் மட்டும்தானே எடுத்துக்குவாங்க? சோறு சோறாத்தானே இருக்கும்? எங்க வீட்ல அப்படித்தான். அப்புறம் நாங்க சாப்பிடறப்போ சப்புன்னு இருக்கும். இங்க மட்டும் ஏன் கிண்ணமே காலியாகுது?"

அவர் கத்தரியை வைத்துவிட்டு, விரலால் கஞ்சியைத் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினார்.

"இதுல எடுத்துக்க என்ன இருக்கு? ருசின்னு ஒண்ணு இருந்தா அதை எடுத்துக்கிட்டு எழுந்து போயிருப்பாங்க. இல்லைங்கிறதால பாவம், கஞ்சியவே குடிக்கிறாங்க. எவ்வளவு குடிச்சாலும் நெறையாது. அதான் நாளுக்கு நாள் கூட்டம். வந்தவன் போகலை, புதுசா வேற வர்றான்."

"மாசம் முடியறப்போ கதவு மூடிருவாங்களே. பசியோட இருக்கிறவங்க?"

"பசியோட யாரு வீட்டுக்குப் போவா?" என்றார் பாங் மாஸ்டர். "இங்கயே கெடப்பாங்க. அடுத்த வருஷமும் கை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

அன்றிலிருந்து யுன்-ஷிக்கு ஒரே ஒரு கவலைதான். அண்ணன் கதவு மூடுவதற்குள் ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிட வேண்டும்.

பதினைந்தாம் நாள் கிண்ணங்கள் 540. மெங் துறைக் கூட்டம் கூட்டினார். யுன்-ஷி விளக்கக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மெங் சிரித்த முகத்தோடு வந்தார். திரையில் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டே போயிற்று.

"போன மாசம் நம்ம சராசரி மூணு புள்ளி ரெண்டு. இன்னிக்கு அஞ்சு புள்ளி ஒம்பது. என்ன காரணம்? இருநூத்தி இருபத்திரண்டு படிவம் வெறுமனே வந்திருக்கு. கொஞ்சம் ஈரமா இருக்கு, ஆனா வெறுமனே இருக்கு. எழுதறதுக்குக் குறையே இல்லைன்னு அர்த்தம். இதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேணும்?"

ஓர் இளம் அதிகாரி தயங்கிக் கை தூக்கினார். "சார், அவங்க டிக்கெட் எடுத்தவங்கதானான்னு..."

"அது டிக்கெட் துறை விஷயம். நாம காலை உணவுத் துறை." மெங் தண்ணீர் குடித்தார். "சாப்பிட வந்தவரைப் பாத்து நீங்க உயிரோட இருக்கீங்களான்னு கேக்கறது நம்ம விருந்தோம்பல் கொள்கையில கிடையாது. இவங்களைப் பத்தி நான் யோசிச்சுப் பாத்தேன். படம் எடுத்துப் போட மாட்டாங்க. ரொட்டியைக் கைப்பையில மறைச்சு எடுத்துட்டுப் போக மாட்டாங்க. முட்டை ஏன் ஆறிப் போச்சுன்னு கேக்க மாட்டாங்க, அவங்களே அதைவிட ஆறித்தான் இருக்காங்க. வயித்துப் போக்குன்னு மருத்துவரைத் தேட மாட்டாங்க. இருபது வருஷமா இந்தக் கம்பெனி எந்த மாதிரி பயணிக்காக உணவு தயாரிச்சுதோ, அந்தப் பயணி கடைசியில வந்து சேந்துட்டார்."

எல்லோரும் கை தட்டினார்கள். யுன்-ஷியும் தட்டினாள். அப்புறம் ஏன் தட்டினோம் என்று யோசித்தாள்.

அதன் பிறகு துறை வேகமாக வேலை செய்தது. சாப்பாட்டுக் கூடத்தின் வெப்பத்தை ஆறு டிகிரி குறைத்தார்கள். ஈரமான நாற்காலிகளுக்கு 'கடல் அனுபவ இருக்கை' என்று பெயர் வைத்தார்கள். ஐந்தரை மணிப் பந்தி புதிய விருந்தினர்களுக்கு, ஏழு மணிப் பந்தி டிக்கெட் எடுத்தவர்களுக்கு என்று பிரித்தார்கள். ஏழு மணிக்காரர்கள் மூன்று மதிப்பெண் போட்டுச் சராசரியைக் கெடுப்பதால், அவர்களுக்குப் பேனா தருவதை நிறுத்தலாமா என்று ஒரு துணைக்குழு ஆராய்ந்தது.

ஷூ அம்மாள் என்று ஒரு பயணி. சாங்ஹுவா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். பாதி விலை முடிகிறவரை இறங்குவதில்லை என்று அடுத்தடுத்து டிக்கெட் எடுத்துக் கப்பலிலேயே இருந்தார். அவர் புகார் மேசைக்கு நேராக வந்தார். யுன்-ஷி பக்கத்திலிருந்து குறிப்பு எடுத்தாள்.

"தம்பி, நான் உக்காந்த எடத்துல என் மடியிலயே யாரோ உக்காந்திருக்காங்க. சில்லுன்னு இருக்கு."

அதிகாரி கேட்டார். "அவர் சாப்பாட்டைப் பத்தி ஏதாவது குறை சொன்னாராம்மா?"

"ஒண்ணும் சொல்லலை."

"நீங்க?"

"நான் சொல்றேன். இந்தக் கஞ்சிய எங்க பள்ளிக்கூடத்துல ஊத்தியிருந்தா பசங்க என்னையே அண்டாவுல போட்டுக் காய்ச்சிருப்பானுங்க."

"அப்போ பிரச்சினை உங்க பக்கம்தாம்மா இருக்கு," என்று அதிகாரி மரியாதையாகச் சொன்னார்.

ஷூ அம்மாள் திரும்பிப் போகிறபோது யுன்-ஷியின் தோளைத் தட்டினார். "மடியில இருக்கிறது சின்னப் பையன்னு நெனைக்கிறேன். எடையே இல்ல. எதையாவது ஒழுங்கா ஆக்கிப் போடுங்கம்மா."

யுன்-ஷி அன்று மாலையே விதிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். கப்பலில் சமைப்பது எட்டு இடங்களில் தடை செய்யப்பட்டிருந்தது. இருபத்தாறாம் நாள், முன்னூற்று நாற்பதாம் பக்கத்தில், அவள் தேடியது கிடைத்தது. ஆலைக் கஞ்சியின் மேன்மையை நிரூபிக்கும்பொருட்டு ஆண்டுக்கு ஒரு முறை கப்பலில் ஒப்பீட்டு மாதிரி ஒன்று சமைக்கப்படலாம். அளவு: தேவைக்கேற்ப.

அவள் விண்ணப்பத்தை மூன்று முறை எழுதினாள். முதல் இரண்டு முறையும் கெஞ்சுகிற தொனி இருந்ததாகத் தோன்றியதால் கிழித்துப் போட்டாள்.

மெங் படித்துவிட்டு மகிழ்ந்து போனார். மாதக் கடைசி நாள் 'ஐந்து கரண்டி' தரச் சான்றிதழ் ஆய்வாளர் கப்பலில் இருப்பார். "நல்ல யோசனை. பழைய காலத்துக் கஞ்சி எவ்வளவு மோசம்னு அவரே பாக்கட்டும். அந்தக் கிழவரையே காய்ச்சச் சொல்லு. அதோட அவருக்கும் ஓய்வு குடுத்துரலாம்." கையெழுத்துப் போட்ட பிறகு நிமிர்ந்து பார்த்தார். "உன் வேலையை நிரந்தரமாக்கறது பத்தி அன்னிக்கே பேசலாம். சராசரி ஏழுக்குக் கீழ போகாம இருந்தா போதும்."

யுன்-ஷிக்குக் கணக்குத் தெரியும். சராசரியை ஏழுக்கு மேல் வைத்திருப்பது வெற்றுப் படிவங்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டால் வெற்றுப் படிவங்களும் போய்விடும். "சரிங்க சார்" என்றாள்.

பாங் மாஸ்டர் அனுமதிக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு மாதிரிக்கு எத்தனை கிண்ணம்?"

"நேத்து கூடுதலா வந்தது அறுநூத்திப் பன்னெண்டு மாஸ்டர்."

அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "ஊழியர் சாப்பாட்டு அரிசி மூணு மூட்டை இருக்கு. வழியில இஷிகாகித் தீவுல சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கிரலாம். பெரிய அண்டாவுல இப்போ துடைப்பம் வெச்சிருக்கானுங்க. அதை எடுத்து நல்லாத் தேய்ச்சு வை."

கடைசி நாளுக்கு முந்தின பிற்பகல், பல்பு மாற்ற வேண்டும் என்று சொல்லி ஆ-கின் அக்கா விளக்குகளைக் கழற்றி இறக்க வைத்தாள். "புதுசா யாரையும் கூப்பிட வேணாம். வந்திருக்கிறவங்களுக்கு ஒழுங்காப் போடுவோம். ஒலிபெருக்கி அறைப் பையன்கிட்டயும் நாளைக்கு வாயை மூடச் சொல்லிட்டேன்."

அதிகாலையில் அரிசி வெந்தது. கிழங்கு குழைந்து இனிப்பு வாசம் படியேறிப் போயிற்று. பதினொரு தர அதிகாரிகளில் நான்கு பேர் தூக்கத்திலேயே எழுந்து வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நடைவழியில் நின்றார்கள். நெத்திலி, வேர்க்கடலை, ஊறுகாய் வெள்ளரி, பாதி பாதியாக வெட்டிய உப்பு முட்டை. அறுநூற்றுப் பன்னிரண்டு கிண்ணங்களையும் ஆ-கின் அக்காவும் யுன்-ஷியும் மேசை மேசையாக வைத்தார்கள். ஊதுபத்தி கொளுத்தத் தீத்தடுப்புப் பிரிவு அனுமதி தராது. மேசைக்கு ஒரு குச்சியைக் கொளுத்தாமலே ஆ-கின் நட்டு வைத்தாள்.

"புரிஞ்சுக்குவாங்க. அவங்களும் இந்தக் கப்பல்லதானே ஒரு மாசமா இருக்காங்க," என்றாள்.

ஐந்தரைக்குக் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டு மூன்று பேரும் வெளியே வந்து நின்றார்கள். உள்ளே நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, நிறையப் பேர் பேசாமல் சாப்பிடும்போது வருகிற அந்தச் சத்தம். பாங் மாஸ்டர் கத்தரிக்கோலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். யாரோ மெதுவாக ஏப்பம் விட்டார்கள். அப்புறம் வெகு நேரம் எதுவுமில்லை.

உள்ளே போனபோது எல்லாக் கிண்ணங்களும் நிறைந்தே இருந்தன. மேலே ஆடை படர்ந்திருந்தது. நாற்காலிகள் காய்ந்திருந்தன. யுன்-ஷி இருபத்து மூன்றாம் மேசைக்குப் போய், அங்கிருந்த கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். கிழங்கில் இனிப்பு இல்லை. நெத்திலியில் உப்பு இல்லை. வாயில் வெதுவெதுப்பு மட்டும் இருந்தது.

"எப்படி?" என்றார் பாங் மாஸ்டர்.

"ஒண்ணுமே இல்ல மாஸ்டர். ஒரு துளிகூட விடலை."

அவர் தானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவருக்கு யாரும் அவ்வளவு நல்ல சான்றிதழ் கொடுத்ததில்லை. முகத்தை அண்டாப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஏழு மணிப் பந்திக்கு அந்தக் கிண்ணங்களைத்தான் சூடாக்கி வைத்தார்கள். படையல் சோற்றை வீணாக்கக் கூடாது. பயணிகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேனா கேட்டார்கள்; கொடுத்த காசை விடக் கூடாதென்று திட்டிக்கொண்டே கிண்ணத்தையும் காலி செய்தார்கள். ஷூ அம்மாள் மட்டும் முகர்ந்து பார்த்து, தன் மடியைத் தடவிப் பார்த்து, மறு பேச்சில்லாமல் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுப் பத்துப் போட்டார்.

ஐந்து கரண்டி ஆய்வாளர் அந்தக் கிண்ணங்களில் ஒன்றையும் ஆலைக் கஞ்சியையும் மாறி மாறி எட்டு முறை ருசித்தார். கண்ணை மூடிக்கொண்டும் ருசித்தார். பிறகு எழுதினார்: கைச்சமையல் கஞ்சிக்கும் ஆலைக் கஞ்சிக்கும் சுவையில் வேறுபாடு பூஜ்யம். ஆலைக் கஞ்சி முழுத் தகுதி பெறுகிறது. ஐந்து கரண்டி. அதை அங்கேயே சட்டம் போட்டு மாட்டினார்கள். மெங் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் யுன்-ஷி அன்றைய சராசரியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் முகம் மாறியது.

"வெத்துப் படிவம் எங்க?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"அறுநூத்திச் சொச்சம் பேர். இந்த வருஷத்துலயே நம்மகிட்ட இருந்த நல்ல பயணிங்க. அவங்களை என்ன பண்ணினே?"

யுன்-ஷி யோசித்தாள். வழக்கமாக அவளுக்கு மூன்று பதில் தோன்றும், மூன்றும் தவறாகப் படும். இன்று ஒன்றுதான் தோன்றியது.

"சாப்பாடு போட்டேன் சார்."

மெங் நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்லேருந்து யாரும் அப்படி ஒரு காரியம் பண்ணினதில்ல," என்றார் உண்மையான வருத்தத்தோடு.

அவள் கீழே வந்து பதிவேட்டைத் திறந்தாள்.

ஏழாம் மாதம், கடைசி நாள். உட்கார்ந்தவர்கள் 304. காலிக் கிண்ணங்கள் 304. இரண்டு முறை எண்ணினேன். வேறுபாடு இல்லை. சராசரி 2.1. நாளைய வேலை: கப்பல் கீலுங் சேர்ந்ததும் முதலில் வீட்டுக்குப் போய், அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும்.